கொலோவ்கினா, ஹேக்லரா? நியாயமான சோதனை எது?

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் ஊசல் சோதனை நடந்துகொண்டிருந்தது. பின்மேசையில் இரண்டு மாணவர்களுக்கு அதில் மனம் இல்லை. குத்துச்சண்டை பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொலோவ்கின்தான் டீச்சர் பெஸ்ட். 42 வெற்றி, அதுல 37 நாக்-அவுட்" என்றான் ஒருவன். "எங்க தாத்தா ஹேக்லர் சண்டையெல்லாம் பார்த்தவரு. ஹேக்லர் முன்னால இவரு மூணு சுற்றுகூட நிக்க மாட்டாருன்னு சொல்வாரு" என்றான் மற்றவன்.

நான் இருவரையும் முன்னால் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "சரி, யார் சிறந்தவர் என்று எப்படிச் சோதிப்பீர்கள்?" இருவரும் மௌனமானார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்த வாரக் கட்டுரை.

நியாயமான சோதனை என்றால் என்ன என்பதை நாம் முதலாம் படிவத்திலேயே படித்துவிடுகிறோம். ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே தற்சார்பு மாறி, வீரர். சார்பு மாறி, சண்டையின் முடிவு. அப்படியானால் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? எடை, கையுறை, சுற்றுகளின் எண்ணிக்கை, எதிராளிகள், அளவிடும் முறை. நூறு ஆண்டுகளில் இவற்றில் எவை மாறாமல் இருந்தன என்று பார்ப்போம்.

போட்டியில் இருப்பவர்கள்

நடுத்தர எடைப் பிரிவு என்பது 160 பவுண்டுக்கு, அதாவது 72.57 கிலோவுக்கு, மிகாத வீரர்களுக்கானது. இந்தப் பிரிவில் ஐவரை எடுத்துக்கொள்வோம்.

கஸக்ஸ்தானின் கெனாடி கொலோவ்கின், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 2006 முதல் 2022 வரை தொழில்முறையில் 45 சண்டைகள்: 42 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை.

அமெரிக்காவின் மார்வின் ஹேக்லர், 1980 முதல் 1987 வரை உலக வெற்றியாளர். 67 சண்டைகளில் 62 வெற்றி. அவற்றில் 52 நாக்-அவுட்.

அர்ஜெண்டினாவின் கார்லோஸ் மோன்சோன், 1970 முதல் 1977 வரை பட்டத்தை வைத்திருந்தவர். 100 சண்டைகளில் 87 வெற்றி. அவற்றில் 59 நாக்-அவுட்.

அமெரிக்காவின் சுகர் ரே ராபின்சன், 1940 முதல் 1965 வரை ஏறத்தாழ 200 சண்டைகள் செய்தவர். நடுத்தர எடைப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர்.

கடைசியாக, பிட்ஸ்பர்க் நகரின் ஹாரி கிரெப். 1913 முதல் 1926 வரை 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 300 சண்டைகள்! 1919ஆம் ஆண்டில் மட்டும் 45 முறை மேடை ஏறினார். கொலோவ்கின் தம் தொழில்முறை வாழ்க்கை முழுவதும் செய்த சண்டைகளின் எண்ணிக்கையும் அதே 45தான்.

72.57 கிலோ: உண்மையிலேயே மாறாததா?

எல்லாருக்கும் ஒரே எடை வரம்பு என்பதால் எடை கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தோன்றும். ஆனால் எடையை எப்போது பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம்.

ராபின்சன் காலத்தில் சண்டை நாளன்றே எடை பார்த்தார்கள். காலையில் 72 கிலோ இருந்தவர் இரவில் மேடை ஏறும்போதும் ஏறக்குறைய அதே எடையில்தான் இருப்பார். 1980களில் இந்த வழக்கம் மாறியது. சண்டைக்கு முந்தின நாளே எடை பார்க்கத் தொடங்கினார்கள். இதனால் வீரர்கள் வியர்வை மூலம் உடல் நீரை இழந்து எடை வரம்பைத் தொட்டுவிட்டு, அடுத்த ஒரு நாளில் தண்ணீரும் உணவும் உட்கொண்டு இழந்ததை மீட்டார்கள். ஒரு லிட்டர் நீரின் பொருண்மை ஒரு கிலோ. எனவே சில லிட்டர் நீர் என்பது சில கிலோ எடை.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2017 மார்ச் மாதம் கொலோவ்கின், டேனியல் ஜேகப்ஸுடன் மோதினார். அனைத்துலகக் குத்துச்சண்டைச் சம்மேளனம், சண்டை நாள் காலையில் இரண்டாம் முறையும் எடை பார்க்கும். வரம்பைவிட 10 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4.5 கிலோவுக்கு, மேல் கூடியிருக்கக் கூடாது என்பது அதன் விதி. அந்த இரண்டாம் எடைச் சோதனைக்கு ஜேகப்ஸ் வரவே இல்லை. அந்தச் சம்மேளனத்தின் பட்டத்தை வெல்லும் வாய்ப்பை இழந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தார். சண்டை மட்டும் நடந்தது. புள்ளிகள் அடிப்படையில் கொலோவ்கின் வென்றார்.

4.5 கிலோ என்பது 72.57 கிலோவில் 6 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே பட்டியலில் 'நடுத்தர எடை' என்று இருக்கும் இன்றைய வீரர், மேடையில் நிற்கும்போது ராபின்சன் காலத்து நடுத்தர எடை வீரரைவிடக் கனமானவராக இருக்கலாம். தராசு பொய் சொல்லவில்லை, நேரம்தான் மாறியது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பள்ளிப் போட்டிகளுக்காக யாரும் இப்படி நீரை இழக்க முயலாதீர்கள். உடல் எடையில் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே இரத்தத்தின் அளவு குறைகிறது. இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. உடலால் வெப்பத்தை வெளியேற்றுவதும் கடினமாகிறது. விளையாட்டு வீரர்கள் இதனால் உயிரிழந்திருக்கிறார்கள்.

குத்தின் இயற்பியல்

"ஹேக்லர் குத்து பலமா, கொலோவ்கின் குத்து பலமா?" என்பது அடுத்த கேள்வி. குத்தை அளக்க முடியும். 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அந்நாட்டின் கனரக எடை வீரர் ஃபிராங்க் புரூனோவைக் கருவிகள் பொருத்திய ஓர் இலக்கின்மீது குத்தச் செய்தார்கள். அவருடைய கைமுட்டி இலக்கைத் தொட்ட வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை சுமார் 4,100 நியூட்டன். 6 கிலோ மரச் சுத்தியலைப் பஞ்சு சுற்றி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் கிடைக்கும் அடிக்கு இது சமம் என்று அவர்கள் எழுதினார்கள்.

இப்போது கையுறைக்கு வருவோம். இன்று நடுத்தர எடை வீரர்கள் 10 அவுன்ஸ், அதாவது சுமார் 284 கிராம், கையுறை அணிகிறார்கள். முந்தைய காலங்களில் இதைவிட இலகுவான, மெல்லிய கையுறைகள் இருந்தன. தடிமன் கூடினால் என்ன ஆகும்?

உந்தம் என்பது பொருண்மையை வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. மேலே சொன்ன சுத்தியலுக்கு 6 × 8.9 = சுமார் 53. விசை என்பது உந்த மாற்றத்தை நேரத்தால் வகுக்கக் கிடைப்பது. கணக்குக்காக, மோதல் 0.01 நொடியில் முடிகிறது என்று கொள்வோம். சராசரி விசை 5,300 நியூட்டன். பஞ்சு தடிமனாகி அதே மோதல் 0.02 நொடி நீடித்தால் சராசரி விசை பாதியாகி 2,650 நியூட்டன் ஆகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதே காரணத்தால்தான்.

அப்படியென்றால் தடித்த கையுறை பாதுகாப்பானதா? பாதி உண்மை மட்டுமே. தோல் கிழிவதும் எலும்பு முறிவதும் குறையும். ஆனால் குத்துபவரின் கை எலும்பையும் அது காப்பாற்றுவதால் அவர் பயமின்றித் தலையில் பலமுறை ஓங்கிக் குத்த முடிகிறது. மேலும், தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று சுழற்றுகிறது. மண்டையோடு சுழன்றுவிடும், அதற்குள் இருக்கும் மென்மையான மூளை சற்றுத் தாமதித்தே சுழலும். நியூட்டனின் முதல் விதி, அதாவது நிலைமம், இங்கேயும் வேலை செய்கிறது. இந்த இழுபறியில் மூளையின் நரம்பிழைகள் நீண்டு பாதிக்கப்படுகின்றன. நாக்-அவுட் என்று நாம் ஆரவாரம் செய்வது, மூளை சில கணங்கள் செயலிழப்பதைத்தான்.

15 சுற்றா, 12 சுற்றா?

ராபின்சனும் மோன்சோனும் பட்டத்துக்காக 15 சுற்றுகள் வரை மோதினார்கள். ஒரு சுற்றுக்கு 3 நிமிடம்; மொத்தம் 45 நிமிடம். இன்று 12 சுற்று, 36 நிமிடம். அதாவது 20 விழுக்காடு குறைவு.

இந்தக் கடைசி 9 நிமிடம் சாதாரணமானதல்ல. முதல் சில நொடிகளின் வேகத்துக்குத் தசையில் ஏற்கனவே சேமித்துள்ள ஆற்றல் போதும். அதன்பின் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸைச் சிதைக்கும் முறை துணைக்கு வரும். சண்டை நீள நீள, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் முறையையே உடல் நம்பியிருக்க வேண்டும். 5ஆம் சுற்றில் புலியாகப் பாய்பவர் 14ஆம் சுற்றில் கையைத் தூக்கவே திணறலாம்.

கொலோவ்கின் தொடர்ந்து 23 எதிராளிகளை நாக்-அவுட் செய்தவர். அதனாலேயே 2017இல் ஜேகப்ஸைச் சந்திக்கும்வரை அவர் 12 சுற்று முழுவதும் ஆடியதே இல்லை. அப்போது அவருக்கு வயது 34. அவருடைய 13, 14, 15ஆம் சுற்று எப்படியிருக்கும் என்பதற்குத் தரவே கிடையாது. தரவு இல்லாத இடத்தில் கோட்டை நீட்டி வரைவது ஆபத்து என்று வரைபடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஹேக்லரோ மறுபுறத்தில் பாதிக்கப்பட்டார். 1987இல் சுகர் ரே லெனர்ட், சண்டையை 12 சுற்றாகக் குறைக்கும்படி கேட்டுப் பெற்றார். நெருக்கமான அந்தச் சண்டையில் ஹேக்லர் பட்டத்தை இழந்தார்.

வெப்பம் வென்ற சண்டை

நம் ஊர் மாணவர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு மாறி உண்டு: வெப்பமும் ஈரப்பதமும்.

1952 ஜூன் 25 இரவு, நியூயார்க்கின் யாங்கி விளையாட்டரங்கம். ராபின்சன் தம்மைவிடச் சுமார் 7 கிலோ கூடுதலான ஜோயி மேக்சிமுடன் மேல் எடைப் பிரிவின் பட்டத்துக்காக மோதினார். விளக்குகளின் கீழே மேடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸ் அளவில் இருந்தது. 10ஆம் சுற்றுக்குப் பிறகு நடுவரே வெப்பம் தாங்காமல் விலக, வேறு நடுவர் வந்தார். புள்ளிகளில் ராபின்சன்தான் முன்னணி. ஆனால் 13ஆம் சுற்று முடிந்து இருக்கையில் சாய்ந்தவரால் 14ஆம் சுற்றுக்கு எழ முடியவில்லை. ஏறத்தாழ 200 சண்டைகளில் அவர் பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்றது இந்த ஒன்றில்தான்.

காரணம் என்ன? நம் தசைகள் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாகிறது, மற்றவை வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். ஆனால் காற்றில் ஏற்கனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வையால் நீர் நட்டம், உடல் குளிர்வதில்லை. அன்று அதிகமாக ஆடி, அதிகமாகக் குத்தியவர் ராபின்சன். அதனால் அதிக வெப்பம் உற்பத்தி செய்தவரும் அவரே. ஈரப்பதம் மிகுந்த மதிய வேளையில் திடலில் ஓடிப் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல.

பதிவேட்டில் இது 'ஒரு தோல்வி' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இதே சண்டை குளிர்பதன வசதியுள்ள இன்றைய அரங்கில், 12 சுற்றாக நடந்திருந்தால்?

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

என் மாணவன் நம்பிய நாக்-அவுட் கணக்கைப் பார்ப்போம். கொலோவ்கின்: 45இல் 37, அதாவது 82 விழுக்காடு. ஹேக்லர்: 67இல் 52, அதாவது 78. மோன்சோன்: 100இல் 59. ராபின்சன் 100க்கும் மேல் நாக்-அவுட் செய்திருந்தாலும் விழுக்காடு ஐம்பதைச் சற்றே தாண்டும். கிரெப்புக்கு ஏறத்தாழ 300இல் சுமார் 50.

முதலில் கொலோவ்கின்–ஹேக்லர் வித்தியாசத்தைச் சோதியுங்கள். கொலோவ்கினின் 37 நாக்-அவுட்டில் இரண்டு மட்டும் புள்ளிக் கணக்கில் முடிந்திருந்தால் 45இல் 35. அதுவும் 78 விழுக்காடுதான்! இரண்டே சண்டைகளில் மறையக்கூடிய வித்தியாசத்தை வைத்து 'இவர்தான் மேல்' என்று சொல்ல முடியுமா?

அடுத்து, கிரெப்பின் எண் ஏன் இவ்வளவு குறைவு? ஆண்டுக்குச் சராசரியாக 23 சண்டை செய்பவர் ஒவ்வொன்றிலும் முழு ஆற்றலையும் செலவிட முடியாது. கொலோவ்கின் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று சண்டைதான். மேலும் அக்காலத்தில் 8 எடைப் பிரிவுகளே இருந்தன. நடுத்தர எடைக்கு அடுத்த பிரிவு 175 பவுண்டு. இன்று 17 பிரிவுகள்; இடையில் 168 பவுண்டு என்ற படி வந்துவிட்டது. கிரெப் தம்மைவிடப் பெரியவர்களுடன் அடிக்கடி மோதினார். பின்னாளில் கனரக எடை உலக வெற்றியாளரான ஜீன் டனியைத் தொழில்முறையில் தோற்கடித்த ஒரே மனிதர் அவர்தான். அதுவும் ஒரு கண்ணில் பார்வையை இழந்துகொண்டே, அதை மறைத்துக்கொண்டே ஆடினார். இன்றைய மருத்துவச் சோதனை அவரை மேடை ஏறவே விடாது.

கிரெப்பின் சண்டைகளில் ஒன்றுகூடப் படச்சுருளில் இல்லை. அக்காலத்தில் பல அமெரிக்க மாநிலங்களில் நடுவர் முடிவு அறிவிக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை. மறுநாள் நாளிதழில் செய்தியாளர் யாரை வென்றவர் என்று எழுதினாரோ அவரே வென்றவர்! கிரெப்பின் பெரும்பாலான 'வெற்றிகள்' இப்படிப்பட்டவை. மறுபுறம் கொலோவ்கினுக்கும் ஒரு மறைந்த எண் உண்டு. தொழில்முறைக்கு வருமுன் அவர் சுமார் 350 அமெச்சூர் சண்டைகள் செய்ததாகச் சொல்லப்படுகிறது. '45 சண்டை அனுபவம்' என்று அவரைச் சொல்வதும் சரியல்ல.

பட்டத் தற்காப்புக் கணக்கும் இப்படித்தான். கொலோவ்கின் 20, மோன்சோன் 14, ஹேக்லர் 12. ஆனால் ஹேக்லர் தம் காலத்தில் எல்லாச் சங்கங்களின் பட்டத்தையும் ஒருசேர வைத்திருந்தவர். கொலோவ்கின் காலத்தில் நான்கு சங்கங்கள். ஒரே பிரிவில் ஒரே நேரத்தில் பல வெற்றியாளர்கள். ராபின்சன் ஐந்து முறை பட்டம் வென்றார் என்பது பெருமை. அதற்கு அவர் நான்கு முறையாவது அதைக் கைவிட்டிருக்க வேண்டும் என்பதும் கணக்கு.

மூன்று அளவுகோல், மூன்று அளவு

"எல்லாம் சரி டீச்சர், இருவரும் ஒரே மேடையில் மோதினால் தெரிந்துவிடுமே" என்பீர்கள். 2017 செப்டம்பரில் கொலோவ்கினும் மெக்சிகோவின் கனேலோ அல்வாரெஸும் மோதினார்கள். ஒரே மேடை, ஒரே இரவு, ஒரே விதி. மூன்று நீதிபதிகளில் ஒருவர் 115-113 என்று கொலோவ்கினுக்குக் கொடுத்தார். ஒருவர் 114-114 என்றார். மற்றொருவர் 118-110 என்று அல்வாரெஸுக்குக் கொடுத்தார்! முடிவு சமநிலை. 1987இல் ஹேக்லர்–லெனர்ட் சண்டையிலும் இதே கதை: ஒருவர் 115-113 ஹேக்லருக்கு, ஒருவர் 115-113 லெனர்டுக்கு, ஒருவர் 118-110 லெனர்டுக்கு.

ஒரே கம்பியை மூன்று அளவுகோலால் அளந்து மூன்று வேறு நீளம் கிடைத்தால், நாம் கம்பியைக் குறை சொல்வதில்லை. அளவீட்டின் உறுதியின்மையைக் குறித்துக்கொள்கிறோம். கண்முன்னால் நடந்ததையே இப்படி அளக்கிறோம் என்றால், 40 ஆண்டு இடைவெளியில் நடக்காத சண்டையை எப்படி அளப்பது?

அப்படியானால் விடை?

'யார் யாரை வெல்வார்' என்ற கேள்வியை அறிவியலால் சோதிக்க முடியாது. ஆனால் கேள்வியை மாற்றினால் வழி பிறக்கும். 'தம் காலத்து விதிகளில், தம் காலத்து எதிராளிகளைவிட இவர் எவ்வளவு மேலே நின்றார்?' இதற்குத் தரவு உண்டு. இந்த அளவுகோலில், பெரிய எடையினரையும் வென்ற கிரெப்பையும், கால் நூற்றாண்டு ஆடிய ராபின்சனையும் முன்வரிசையில் வைப்பேன். எல்லாப் பட்டங்களையும் சேர்த்து வைத்திருந்த ஹேக்லர் அடுத்து வருவார். கொலோவ்கின் அவர்களுக்கு அருகில் நிற்கத் தகுந்தவர். ஆனால் 82 விழுக்காடு என்ற எண்ணுக்காக அல்ல. நீங்கள் மறுக்கலாம். எந்த அளவுகோலில் மறுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஒப்பிட முடியவில்லையே என்று வருந்துவதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். 15 சுற்று ஏன் 12 ஆனது? 1982 நவம்பர் 13 அன்று தென்கொரியாவின் கிம் டுக்-கூ என்ற இளைஞர், லாஸ் வேகாஸில் நடந்த பட்டச் சண்டையின் 14ஆம் சுற்றில் வீழ்ந்தார். மூளையில் இரத்தக் கசிவு. நான்கு நாளில் இறந்தார். அவருடைய மரணத்துக்குப் பிறகே உலகக் குத்துச்சண்டை மன்றம் சுற்றுகளைக் குறைத்தது. மற்ற சங்கங்களும் பின்பற்றின. மருத்துவச் சோதனைகளும் கடுமையாயின. நம் ஒப்பீட்டைக் கெடுத்த மாறிகளில் சில, ஓர் உயிர் போனபின் வேண்டுமென்றே மாற்றப்பட்டவை. அவற்றை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்ச் சோதனை செய்ய யாரும் விரும்பக் கூடாது.

பின்மேசை மாணவர்கள் இருவரும் இன்னும் சமாதானமாகவில்லை. ஆனால் இப்போது "எந்த விதியில்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

பூப்பந்தில் வோங் பெங் சூன் 1950, 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் அனைத்து இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை நான்கு முறை வென்றார். லீ சோங் வெய் 2010, 2011, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் அதே பட்டத்தை நான்கு முறை வென்றார். இருவரும் சமமா? 2006இல் புள்ளிக் கணக்கு முறை மாறியது என்பதை முதல் மாறியாக எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் ஐந்து மாறிகளையாவது கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் யாருக்குச் சாதகம் என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். பிறகு வீட்டில் தாத்தாவிடம் காட்டி விவாதியுங்கள்.